நமக்கேன் வம்பு?

2016 ஆகஸ்டு 10-ம் தேதி. டில்லி நகரின் மேற்குப் பகுதியிலுள்ள சுபாஷ் நகர். பொழுது புலரும் நேரம். மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளி ஒருவர், இரவெல்லாம் காவல் வேலை பார்த்துவிட்டு வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பகலில் ரிக்ஷா ஓட்டுவார். இரவில் காவல் காப்பார். இரண்டு வேலை பார்த்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். பின்னாலிருந்து வேகமாக வந்த டெம்போ ஒன்று அவரை அடித்துத் தள்ளியது. டிரைவர் வண்டியை நிறுத்தினான், இறங்கினான், தன் வண்டியைச் சுற்றிப் பார்த்தான், ஏறிப் போய்விட்டான்.

அந்தத் தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கு மேல் தெரு ஓரத்தில் ரத்தம் சிந்திக் கிடந்தார். அது ஆள் நடமாட்டமில்லாத காடல்ல. நாட்டின் தலைநகரிலுள்ள ஒரு தெரு. அங்கிருந்த காமிரா எல்லாவற்றையும் பதிவு செய்திருந்தது. அந்தப் பதிவைப் பார்த்துப் போலீசார் போட்ட கணக்கு அப்போதே பத்திரிகைகளில் வெளிவந்தது. அவரைக் கடந்து சென்ற கார்கள் 140. மூன்று சக்கர வண்டிகள் 82. இரு சக்கர வண்டிகள் 181. நடந்து சென்றவர்கள் 45 பேர். ஒருவர் மட்டும் அருகே வந்தார். ரிக்ஷாவிலிருந்து இறங்கி வந்த அவர், கீழே கிடந்த செல்போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

காரில் போனவன் பணக்காரன், அவன் கல்நெஞ்சன் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 45 பேர் நடந்து போயிருக்கிறார்கள். விடியற்காலையில் நகரத் தெருவில் நடந்து போகிறவன் பெரும்பாலும் உழைத்துப் பிழைப்பவன்தான். செல்போனை எடுத்தவரும் சொகுசுக் காரில் வந்தவரல்ல. விழுந்து கிடந்தவர் தொழிலாளி. ஒதுங்கிப் போனவர்களிலும் தொழிலாளிகள் இருந்திருப்பார்கள். ஆகவே இந்தக் கேள்வியை நாம் நம்மை நோக்கியே கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

"நமக்கேன் வம்பு?" இந்த வார்த்தையை நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். தெருவில் சண்டை நடந்தால் அம்மா கதவைச் சாத்தியபடி சொன்ன வார்த்தை. பஸ்ஸில் ஒருவர் மயங்கிச் சாய்ந்தால் பக்கத்து ஸீட்டுக்காரர் முணுமுணுத்த வார்த்தை. இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். "அவன் செத்தால் எனக்கென்ன" என்று இதற்கு அர்த்தமல்ல. வம்பு வரும் என்ற பயம் இதில் இருக்கிறது. கை நீட்டினால் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? இதை வளர்த்தவர்கள் யார்? இதைப் போக்குவது எப்படி? இதைத்தான் இந்த வாரம் நம் வாசகத் தோழர்கள் யோசிக்க வேண்டுமென்று விரும்புகிறோம்.

ஜனங்கள் கல்லா?

இப்படியொரு சம்பவம் நடந்தவுடன் படித்த பெரிய மனிதர்கள் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். "ஜனங்களுக்கு மனிதாபிமானம் செத்துவிட்டது, காலம் கெட்டுவிட்டது" என்பது அந்தத் தீர்ப்பு. இது புதிய தீர்ப்பல்ல. 1964 மார்ச் 13-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் தன் வீட்டருகே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். அக்கம்பக்கத்தார் 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கொலை நடக்கும்போது ஒருவர்கூடப் போலீசுக்குச் சொல்லவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. உலகமெல்லாம் அந்தச் செய்தி பரவியது. "பெரு நகரத்து மனிதன் கல்லாகிவிட்டான்" என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

ஆனால் உண்மை அதுவல்ல. 38 பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவில்லை. பெரும்பாலோர் ஏதோ சத்தம் கேட்டதைத் தவிர எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து, உயிருக்குப் போராடிய கிட்டியைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டிருந்தார். பத்திரிகைச் செய்தியில் அவருக்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தச் செய்தி பிழைபட்டது என்பதை 2016-ல் அதே பத்திரிகை ஒப்புக்கொண்டது. பிழையைத் திருத்த அதற்கு 52 ஆண்டுகள் பிடித்தன.

ஆயினும் அந்தச் செய்தி ஒரு நல்ல ஆராய்ச்சியைத் தூண்டியது. ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அறிஞர்கள் 1968-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்கார வைத்து, ஒலிபெருக்கி வழியாக ஒருவரோடொருவர் பேசச் செய்தார்கள். பேச்சின் நடுவே ஒருவருக்கு வலிப்பு வந்து திணறும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைத் தான் ஒருவன் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் உடனே உதவி தேடி எழுந்தார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களிலோ நூற்றுக்கு 31 பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் ஈரமற்றவர்களல்ல, அவர்கள் கை நடுங்கியது, உள்ளம் பதறியது. ஆனால் "வேறு யாராவது போயிருப்பார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒவ்வொருவரும் அப்படி நினைத்ததால் யாரும் போகவில்லை.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம்முடைய பழமொழி. ஊர் முழுவதும் கூடி நின்றாலும், முதலில் ஒரு கை வடத்தைத் தொட வேண்டும். அந்த ஒரு கை நீளாதவரை ஆயிரம் பேர் நின்றாலும் தேர் நகராது. ஒரு கை நீண்டுவிட்டால் பின்னாலேயே நூறு கை வரும். இதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்து, ஹாலந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் நகரத் தெருக்களில் காமிராக்கள் பதிவு செய்த 219 தகராறுகளை ஆராய்ந்து 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது தகராறுகளில் வழியில் போனவர்களில் ஒருவராவது குறுக்கே புகுந்து உதவியிருக்கிறார். கூட்டம் கூடக்கூட, உதவுகிறவர் ஒருவராவது அதில் இருக்கும் வாய்ப்பும் கூடியிருக்கிறது. ஜனங்கள் கல்லல்ல என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

பயத்தை விதைத்தவர்கள்

அப்படியானால் சுபாஷ் நகரில் ஏன் யாரும் நிற்கவில்லை? நம் நாட்டில் அந்த முதல் கையைத் தடுத்து நிறுத்தும் சக்தி ஒன்று இருந்து வந்திருக்கிறது. சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2013-ல் நம் நாட்டு நகரங்களில் ஜனங்களை விசாரித்தது. சாலையில் அடிபட்டவருக்கு உதவத் தயங்குவோம் என்று நூற்றுக்கு 74 பேர் சொன்னார்கள். அப்படித் தயங்குகிறவர்களில் நூற்றுக்கு 88 பேர் சொன்ன காரணம் ஒன்றே: போலீஸ் திரும்பத் திரும்ப விசாரிக்கும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம்.

இது வீண் பயமா? இல்லை. அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனவனையே "நீதான் இடித்தாயா?" என்று கேட்ட காலம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் "பணம் கட்டு, பிறகு பார்க்கலாம்" என்று தூக்கி வந்தவனிடமே கேட்ட காலம் உண்டு. சாட்சி சம்மன் வந்து, கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு தடவை அப்படி அலைந்தவன் அடுத்த தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனென்ன?

டாக்டர்களுக்கே இந்தப் பயம் இருந்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் ஒன்று இடித்துத் தள்ளியது. வழியில் வந்த ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டு அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "இது போலீஸ் கேஸ், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். போகும் வழியில் அவர் இறந்துபோனார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 1989-ல் தீர்ப்பு வந்தது. அடிபட்டு வந்தவன் குற்றவாளியோ நிரபராதியோ, போலீஸ் வந்ததோ வரவில்லையோ, உயிரைக் காப்பதே முதல் வேலை. எந்த டாக்டரும் அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு கூறியது.

தீர்ப்பு வந்துவிட்டதால் ஆஸ்பத்திரிக் கதவுகள் திறந்துவிட்டனவா? அடுத்த சம்பவத்தைப் பாருங்கள். 1992 ஜூலை 8-ம் தேதி மேற்கு வங்கத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. அவர் விவசாயத் தொழிலாளர் அமைப்பு ஒன்றின் உறுப்பினர். அவரைத் தூக்கிக்கொண்டு கல்கத்தாவிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கினார்கள். எங்கும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, சுமார் 17,000 ரூபாய் செலவழித்து உயிரைக் காப்பாற்றினார்கள். அவருடைய அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-ல் தீர்ப்பு வந்தது. உயிருக்குப் போராடுபவனைச் சர்க்கார் ஆஸ்பத்திரி திருப்பி அனுப்புவது அவனுடைய வாழும் உரிமையையே பறிப்பதாகும் என்று கோர்ட்டு கூறியது. அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு வழங்கவும் உத்தரவிட்டது.

அப்போது அந்த ராஜ்யத்தை ஆண்டது இடதுசாரி முன்னணி. ஆகவே பிறர் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. எந்தக் கொடி பறக்கிற இடமானாலும், ஆஸ்பத்திரி வாசலில் ஏழை திருப்பி அனுப்பப்பட்டால் அது தவறுதான். அந்தத் தவறைத் தட்டிக் கேட்டு நியாயம் பெற்றது விவசாயத் தொழிலாளர்களின் ஒற்றுமை. அடிபட்டவர் தனி ஆளாக இருந்திருந்தால், அவருடைய வழக்கு வீட்டுத் திண்ணையோடு முடிந்திருக்கும்.

சட்டம் வந்துவிட்டது, யாருக்குத் தெரியும்?

இப்போது சட்டத்தின் நிலை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மில் தொழிலாளியும் ஒவ்வொரு விவசாயத் தொழிலாளியும் இதை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2015 மே மாதம் மத்திய சர்க்கார், சாலையில் அடிபட்டவருக்கு உதவுவோரின் பாதுகாப்புக்கு விதிமுறைகள் வெளியிட்டது. 2016 மார்ச் 30-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அவற்றை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் உத்தரவாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020-ல் அதற்கான விதிகள் வந்தன.

அவற்றின் சாரம் இதுதான். அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பாராமல் தூக்கிக்கொண்டு போகிறவர்மேல், அந்த உதவியின் காரணமாக வழக்குப் போட முடியாது. போகும் வழியில் உயிர் பிரிந்துவிட்டாலும், நல்லெண்ணத்தோடு செய்ததில் ஏதேனும் குறை நேர்ந்துவிட்டாலும், அவர்மேல் பழி இல்லை. பேரையும் விலாசத்தையும் சொல்லும்படி போலீஸ் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்ல அவராகவே சம்மதித்தால் ஒரே தடவையில் வாக்குமூலத்தை வாங்கி முடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி அவரைப் பிடித்து வைக்கக் கூடாது. அவரிடம் பணம் கேட்கக் கூடாது. சாதி, மதம், ஆண், பெண் என்று பேதம் பாராமல் அவரை மரியாதையாக நடத்த வேண்டும். இந்த உரிமைகளை எழுதி ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட வேண்டும். ஜனங்கள் பேசும் மொழியிலும் எழுத வேண்டும்.

தேதிகளை ஒரு தடவை பாருங்கள், தோழர்களே! சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2016 மார்ச் மாதம். டில்லித் தொழிலாளி தெருவில் கிடந்து இறந்தது அதே ஆண்டு ஆகஸ்டு மாதம். இடையில் நான்கு மாதங்களுக்கு மேல் ஓடியிருந்தன. சுப்ரீம் கோர்ட்டு இருக்கும் அதே நகரத்தில்தான் அவர் இறந்தார். உத்தரவு காகிதத்தில் இருந்தது, தெருவுக்கு வரவில்லை. 2018-ல் அதே சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் மறுபடியும் விசாரித்தபோது, நூற்றுக்கு 84 பேருக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. தெரியாத சட்டம் பூட்டிய பெட்டியில் கிடக்கும் மருந்து போன்றது.

விழுந்து கிடப்பவன் யார்?

இது வெறும் தர்ம உபதேசமல்ல. தொழிலாளி வர்க்கத்தின் உயிர்ப் பிரச்னை. 2022-ம் ஆண்டு ஒன்றில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்கு 460 பேருக்கும் அதிகம். அந்த ஆண்டில் எந்த ராஜ்யத்தைக் காட்டிலும் அதிகமான விபத்துகள், அதாவது 64,105 விபத்துகள், நடந்தது தமிழ்நாட்டில்தான். அதில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897 பேர். நடந்து சென்றவர்கள் 32,825 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. இரும்புக் கூண்டுக்குள் காற்றுப்பை வைத்துக்கொண்டு போகிறவர்கள் அல்ல இவர்கள். ஷிப்டுக்கு மொபெட்டில் விரைகிறவர்கள். டீக்கடைக்குச் சாலையைக் கடக்கிறவர்கள். நடவு முடிந்து வரப்பிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறுகிறவர்கள்.

அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால், இறப்பவர்களில் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம் என்று 2006-ல் சட்டக் கமிஷன் தன் அறிக்கையில் கூறியது. அந்த ஒரு மணி நேரம் யார் கையில் இருக்கிறது? டாக்டர் கையில் இல்லை. மந்திரி கையில் இல்லை. அப்போது அந்த வழியே போகிறவன் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் மனம் விட்டுப் பேச வேண்டும. வெள்ளை வேட்டி கட்டியவர் சாலையில் சாய்ந்தால் நான்கு பேர் ஓடுகிறார்கள். அழுக்குச் சட்டை போட்டவன் சாய்ந்தால், "குடித்துவிட்டுக் கிடக்கிறான்" என்று சொல்லிக் கடந்து போகிறார்கள். சர்க்கரை குறைந்து மயங்குபவனும், வெயிலில் சுருண்டவனும், வலிப்பு வந்தவனும், தலையில் அடிபட்டு நினைவு தப்பியவனும் பார்வைக்குக் குடிகாரன் போலத்தான் தெரிவார்கள். நாள் முழுதும் வேர்வை சிந்தியவனுக்குச் சட்டை வெள்ளையாகவா இருக்கும்? உண்மையாகவே குடித்திருந்தாலும்தான் என்ன? குடித்தவன் உயிர் உயிரில்லையா? "யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு?" என்று சாதி விசாரித்த பிறகு தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரத்தத்துக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசுகிறோம். அது மெய்யா என்று சாலை ஓரத்தில்தான் தெரியும்.

பைபிளில் நல்ல சமாரியன் கதை ஒன்று வருகிறது. கள்ளர் அடித்துப் போட்ட ஒரு வழிப்போக்கனைக் குரு ஒருவரும் கோயில் ஊழியர் ஒருவரும் கண்டும் காணாமல் போகிறார்கள். தாழ்வாக நினைக்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன்தான் நின்று, காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறான். 134-ஏ பிரிவு உதவுகிறவனை அந்தப் பெயராலேயே அழைக்கிறது. ஒதுக்கப்பட்டவனே ஒதுங்காமல் நின்றான் என்பது அந்தக் கதையின் உயிர். அந்தப் பெயருக்கு நம்மைவிட உரிமை உள்ளவர்கள் வேறு யார்?

மில்லில் இருப்பது தெருவில் ஏன் இல்லை?

மில்லில் ஒரு தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கிவிட்டால் என்ன நடக்கிறது? அந்த வரிசையே ஓடுகிறது. ஒருவர் மெஷினை நிறுத்துகிறார். ஒருவர் துணியைக் கிழிக்கிறார். ஒருவர் வண்டிக்கு ஓடுகிறார். அவன் எந்தச் சங்கம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. வயலில் நாற்றுப் பறிக்கும் பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டால், கட்டிலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஊரே ஓடுகிறது. அங்கே யாரும் "நமக்கேன் வம்பு" என்று சொல்வதில்லை. அதே மனிதர்கள் தார் ரோட்டுக்கு வந்ததும் ஏன் தயங்குகிறார்கள்?

அங்கே நாம் ஒருவரையொருவர் அறிவோம். நமக்கு ஸ்தாபனம் உண்டு. பின்னால் நிற்க ஆள் உண்டு. தெருவில் நாம் தனி ஆள். இந்தத் தனிமைதான் பயத்தின் வேர். தெரிந்தவனுக்கு உதவுவது உறவு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முன்பின் தெரியாதவனுக்கு ஓடும்போதுதான் தொழிலாளி வர்க்க ஐக்கியம் என்ற சொல்லுக்கு அர்த்தம் பிறக்கிறது. டில்லியில் கிடந்த அந்த வங்காளத் தொழிலாளியை நமக்குத் தெரியாது. ஆனால் அவருடைய இரவு ஷிப்டை நமக்குத் தெரியும். வீடு திரும்பும்போது கண்ணை இழுக்கும் அந்தத் தூக்கத்தை நமக்குத் தெரியும்.

உதவியின் விலையை யார் கொடுப்பது?

தொழிலாளிக்கு வேறொரு பயமும் உண்டு. பெரிய மனிதர்களின் உபதேசத்தில் இது வருவதேயில்லை. காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மில்லுக்கு வந்தால் கேட் மூடியிருக்கும். அன்றைய சம்பளம் போய்விடும். நடவுக்குப் போகிறவள் ஒரு மணி நேரம் தாமதித்தால் வேறொருத்தி அந்த வரிசையில் நின்றுவிடுவாள். அன்று வீட்டில் அடுப்பு எரியாது. மாதச் சம்பளக்காரருக்கு இரக்கம் இலவசம். அன்றாடங்காய்ச்சிக்கு இரக்கத்தின் விலை ஒரு நாள் கூலி. அந்த விலையையும் கொடுத்து உதவுகிற ஏழைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அந்த விலையை அவர்களிடம் வசூலிப்பது நியாயமா?

2021-ல் மத்திய சர்க்கார், அடிபட்டவரைக் காப்பாற்றுகிறவருக்கு 5,000 ரூபாய் வெகுமதி என்று ஒரு திட்டம் அறிவித்தது. தொழிலாளி வெகுமதிக்காகத் தூக்குவதில்லை. அவன் கேட்பது, செய்த உதவிக்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்பதுதான். ஆகவே ஒவ்வொரு மில்லிலும் தொழிற்சங்கம் இந்தக் கோரிக்கையை வைக்க வேண்டும்: உயிர் காக்கும் வேலையால் தாமதமாக வந்த தொழிலாளியை வேலைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. உதவியதற்குச் சான்று கேட்டால் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்கனவே விதிகளில் உள்ளது. அந்தச் சான்றைக் காட்டினால் போதும். இதனால் எந்த முதலாளியின் லாபமும் கரைந்துவிடாது. கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் இதே பேச்சைக் கூலிப் பேச்சுவார்த்தையோடு சேர்த்து வைக்க வேண்டும்.

இரண்டாவது கோரிக்கை ஆஸ்பத்திரிகளைப் பற்றியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ம் தேதி 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சாலையில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும், எந்த ராஜ்யத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது அதன் சாரம். மத்திய சர்க்கார் 2025 மே மாதம், நாடு முழுவதற்கும் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் அறிவித்தது. இவை நல்லவை. இவற்றுக்காகப் பலர் பல ஆண்டு போராடியிருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் உள்ளது வாசலில் கிடைக்கிறதா என்று யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும். நம் பகுதியிலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நான்கைந்து தோழர்கள் சேர்ந்து போங்கள். உதவுவோரின் உரிமைப் பலகை வாசலில் தமிழில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்; வைக்கும் வரை விடாதீர்கள்.

மூன்றாவது, நம்முடைய சொந்த வேலை. 150 தொழிலாளிகளுக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது. அப்படிப் பயிற்சி பெற்ற தோழர்கள் பல மில்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவு மில் சுவருக்குள் முடங்கக் கூடாது. சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கற்க வேண்டியது மலையளவு அல்ல. முதலில் 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. படம் பிடிக்கிற அதே செல்போனில்தான் 108-ம் இருக்கிறது. ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டுப் பார்க்காதீர்கள். வண்டி மோதும், தீப்பிடிக்கும் என்ற அபாயம் இருந்தாலொழிய, அடிபட்டவரின் கழுத்தையும் முதுகையும் திருப்பாதீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரைக் குடித்துவிடும். வலிப்பு வந்தவர் கையில் சாவியும் இரும்பும் திணிப்பதால் பயனில்லை. சுற்றிலும் உள்ள கல்லையும் கம்பியையும் அகற்றிவிட்டு, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூட்டத்தை விலக்கிக் காற்று வரச் செய்யுங்கள். "யாராவது போன் செய்யுங்கள்" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். "நீல சட்டைக்காரரே, நீங்கள் 108-க்குப் போன் செய்யுங்கள், அம்மா, நீங்கள் இந்தத் துணியைப் பிடியுங்கள்" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னது யாருக்கும் சொன்னதல்ல. பெயரிட்டுச் சொன்னால் கல்லும் அசையும்.

முதல் கை

"நமக்கேன் வம்பு" என்ற வார்த்தையால் லாபம் அடைந்தவர்கள் யார்? இடித்துவிட்டு ஓடியவன் லாபம் அடைந்தான். பொறுப்பைத் தட்டிக் கழித்த ஆஸ்பத்திரி லாபம் அடைந்தது. சாட்சி இல்லையென்று கட்டை மூடிய போலீஸ் ஸ்டேஷன் லாபம் அடைந்தது. ஏழை இந்த வார்த்தையால் ஒருநாளும் லாபம் அடைந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் உயிரைத்தான் விலையாகக் கொடுத்திருக்கிறான். ஆகவே இந்த வார்த்தையை நம் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் நாம் விரட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வேறொரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: "போய் என்னவென்று பார்."

தோழர்களே! இன்றிரவும் ஆயிரமாயிரம் தொழிலாளிகள் ஷிப்ட் முடித்து இருட்டில் வீடு திரும்புவார்கள். விடிந்தால் ஆயிரமாயிரம் பெண்கள் சரக்கு வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நடவுக்குப் போவார்கள். அவர்களில் யாருக்கு எந்தத் திருப்பத்தில் என்ன நேரும் என்று யாருக்கும் தெரியாது. அது நீங்களாக இருக்கலாம். உங்கள் மகளாக இருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் பேர் தெரியாத, ஊர் தெரியாத, கொடி தெரியாத ஒருவர் அவ்வழியே வருவார். அவர் நிற்க வேண்டுமென்றுதானே விரும்புவீர்கள்?

அவர் நிற்பதற்கு வழி ஒன்றுதான். நாளை நீங்கள் நில்லுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சங்கம் உங்கள் பின்னால் நிற்கும். நிற்க வைப்பது நம் எல்லோருடைய வேலை. தேர் வடம் தரையில் கிடக்கிறது. முதல் கை உழைப்பவனின் கையாக இருக்கட்டும்!